தாமான் சங்கத்தின் கோரிக்கை மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஏறுவதற்கு என்ன வழி?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் கைமாறிய பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. வீடுகளுக்குப் பின்புறம் ஓடும் வடிகாலான லோங்காங், மழை கனத்தால் நிரம்பி அடுப்படிக்குள் புகுந்துவிடுகிறது. தாமானுக்குள் நுழையும் சாலையின் கடைசிப் பகுதி பல ஆண்டுகளாகத் தார் காணவில்லை. அங்குள்ள குடியிருப்பாளர் சங்கத்தின் புதிய செயலாளரான சகோதரி, மூன்று ஆண்டுகளாக அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் ஊராட்சி மன்றத்திலிருந்து "பெருந்துக்கான் தியாடா", அதாவது ஒதுக்கீடு இல்லை, என்ற ஒரே பதில்தான் வந்தது என்கிறார். மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தங்கள் தாமானின் பெயர் ஏறுவதற்கு வழி ஏதேனும் உண்டா, சங்கத்தின் நிலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்து ஊரில் பிறந்து, பால் மரம் சீவிய பெற்றோரின் பிள்ளையாக வளர்ந்து, பின்னர் அதே ஊரின் தாமான் ஒன்றில் பல ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்தவன். அந்த இரண்டு சொல் பதிலை நானும் கோப்பு நிறைய வைத்திருக்கிறேன். அதிகாரிகள் நம்மைத் தட்டிக் கழிக்கிறார்கள் என்றுதான் தொடக்கத்தில் நானும் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பதில் பெரும்பாலும் உண்மையானது என்று. நாம் கடிதம் கொடுத்த மாதத்தில், நாம் கேட்ட கணக்குத் தலைப்பில், நாம் காட்டிய நிலத்துக்குச் செலவிட அவர்களிடம் பணம் இருக்காது. மாதம், தலைப்பு, நிலம் ஆகிய இம்மூன்றில் எது தவறியதால் அந்தப் பதில் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. தோட்டத்து ஊர்களில் பெரும்பாலும் தவறுவது நிலம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் சாலைக்காக நான் ஐந்தாறு கடிதங்கள் கொடுத்த பிறகு, மன்றத்தின் பொறியியல் பிரிவிலிருந்து ஒரு தொழில்நுட்ப உதவியாளர் வந்தார். நல்ல மனிதர். கொண்டுவந்த வரைபடச் சுருளைத் தம் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் விரித்து, பெரிய சாலையிலிருந்து விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, மளிகைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். "ஜாலான் இங்கே முடிகிறது," என்றார். அவர் விரலுக்கு அப்பால் தாளில் வெறும் வெள்ளை. எங்கள் அம்மா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்த பாதை அது. நாங்கள் பள்ளிக்குப் போன பாதை. அன்றைக்கும் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் இருபுறமும் இருந்தன. காகிதத்தில் அங்கே சாலையே இல்லை. வெயிலில் நின்று அந்தத் தாளை நான் பார்த்த நேரத்தை இன்றுவரை மறக்கவில்லை.

காரணம் எளியது. தோட்டச் சாலைகளை நிறுவனங்கள் தங்கள் சொந்த நிலத்தில், தங்கள் லாரிகளுக்காகப் போட்டன. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வீட்டு மனைகளுக்குத் தனித்தனிப் பட்டா பிறந்தது. ஆனால் அவற்றை இணைக்கும் பாதை பல இடங்களில் பழைய தோட்டத்துப் பட்டாவிலேயே தங்கிவிட்டது. தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டால் மன்றம் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதனுடன் மாரிஸ் என்ற பதிவேட்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலச் சாலைகளும் ஊராட்சி மன்றச் சாலைகளும் அதில் பதிவு செய்யப்படுகின்றன. அந்தப் பதிவை வைத்துத்தான் மத்திய அரசு ஆண்டுதோறும் சாலைப் பராமரிப்பு மானியத்தை மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. பதிவில் இல்லாத சாலைக்கு அந்தப் பணம் வராது. ஆகவே கடிதத்தில் எத்தனை குழிகளை எண்ணிக் காட்டினாலும், சாலை மாரிஸில் இல்லையென்றால் பதில் மாறப்போவதில்லை. "எங்கள் சாலை எந்த எண்ணில், எத்தனை மீட்டர் நீளத்துக்கு மாரிஸில் பதிவாகியிருக்கிறது?" என்று மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு ஒரே ஒரு வரியில் எழுதிக் கேளுங்கள். மற்ற எல்லாக் கடிதங்களையும் விட இந்த ஒரு வரி உங்களுக்கு அதிகம் பயன்படும்.

பதிவில் இல்லை என்று பதில் வந்தால், மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய் அந்தப் பாதை கிடக்கும் மனையின் எண்ணைச் சொல்லி, சிறு கட்டணம் கட்டி, நில உரிமைத் தேடல் செய்யுங்கள். 'சாரியான்' என்று கேட்டால் முகப்பிடத்திலேயே படிவம் தருவார்கள். மூன்றில் ஒன்று தெரியவரும். வீடமைப்பு நிறுவனம் சாலையைப் போட்டுவிட்டு மன்றத்திடம் ஒப்படைக்காமல் விட்டிருக்கலாம். அப்போது அந்த நிறுவனத்தை ஒப்படைக்கச் செய்யும்படி மன்றத்தை வலியுறுத்துவதுதான் உங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும். பழைய தோட்டப் பட்டாவிலேயே இருக்கலாம். அப்போது நில உடைமையாளர் அந்தத் துண்டைச் சாலைக்காக அரசிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். நில உடைமையாளருக்கு எழுதி, சட்டமன்ற உறுப்பினரை நடுவில் வைத்துப் பேசி, அளந்து, கையெழுத்தாகி முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அல்லது அது அரசு நிலமாகவே இருக்கலாம். மூன்றில் எளியது அதுதான். மன்றம் அதை எடுத்துக்கொள்ளச் செய்தால் போதும்.

தோட்டத்திலேயே, லயத்திலேயே இன்னும் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பாதை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே வீடு, குடிநீர், கால்வாய், துப்புரவு ஆகியவை முதலாளியின் கடமை. தொழிலாளர் குடியிருப்பு வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, அதைச் சொல்கிறது. புகாரைத் தொழிலாளர் இலாகாவிடம் கொடுக்க வேண்டும். தோட்டத்து லயத்துக் கால்வாய்க்காக மன்றத்தின் வாசலில் நின்று காலத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லோங்காங்குக்கும் இதே கேள்விதான்: அது யாருடையது? வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சிறு கால்வாய் வழக்கமாக மன்றத்தினுடையது. அது போய்ச் சேரும் பெரிய கால்வாயும் ஆறும் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம், ஜேபிஎஸ்ஸிடம், இருக்கக்கூடும். பெரிய சாலையின் ஓரத்துக் கால்வாய் பொதுப்பணித் துறையைச் சேர்ந்திருக்கலாம். உங்கள் அடுப்படிக்குள் தண்ணீர் வருவதற்குக் காரணம் உங்கள் லோங்காங் சிறியது என்பதா, கீழே அது சேருமிடம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதா? மழை பெய்யும்போது கால்வாயோரம் கடைசிவரை நடந்து பார்த்தால்தான் இது விளங்கும். குப்பையால் அடைப்பு என்றால், கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர், மலாக்கா, பகாங், பெர்லிஸ் மாநிலங்களில் 2011 செப்டம்பர் முதல் திடக்கழிவும் பொதுத் துப்புரவும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் கழகத்துக்குப் போய்விட்டன. பேராக்கிலும் சிலாங்கூரிலும் பினாங்கிலும் அந்தப் பொறுப்பு மன்றங்களிடமே இருக்கிறது. தவறான கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உதவ முடியாது.

அடுத்தது மாதம். மன்றத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின், அதாவது சட்டம் 171-இன், 55ஆம் பிரிவின்படி, அடுத்த ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டை மாநில அரசு குறிக்கும் தேதிக்குள் இதற்கென்றே கூட்டப்படும் கூட்டத்தில் மன்றம் நிறைவேற்றி, மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கூட்டம் ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் என்றால், பிரிவுகள் தங்கள் தேவைகளை எழுதிக் கொடுப்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். மன்றத்துக்கு மன்றம் சில வாரங்கள் முன்பின்னாக இருக்கும். ஆயினும் ஜூன் மாதத்துக்குள் பொறியியல் பிரிவின் மேசையில் இல்லாத கோரிக்கை அடுத்த ஆண்டின் மதிப்பீட்டில் ஏறுவது அரிது என்பது என் அனுபவம். நம் மக்களோ நவம்பர், டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு, தீபாவளிக்குப் போட்ட கோலம் அழிந்த கோபத்தில் கடிதம் எழுதுகிறோம். அப்போது அடுத்த ஆண்டின் கணக்கு மூடப்பட்டிருக்கும்; நடப்பாண்டின் பணம் தீர்ந்திருக்கும். நம் கோபம் நியாயமானது, ஆனால் அது மன்றத்தைச் சேரும் மாதம் தவறானது. மழைக்காலத்தில் ஆதாரத்தைச் சேருங்கள், பிப்ரவரி, மார்ச்சில் கோரிக்கையைத் தயார் செய்யுங்கள், ஏப்ரலில் கொடுங்கள்.

மூன்றாவது, கணக்குத் தலைப்பு. இதைச் சங்கங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பணம் ஓடுவது இந்த வாய்க்காலில்தான். அரசு கணக்கு முறையில் நிர்வாகச் செலவு 10000, 20000, 30000, 40000 முதலிய எண்களில் பிரிக்கப்படுகிறது. 10000 சம்பளம், 20000 சேவைகளும் பொருள்களும், 30000 சொத்துகள் வாங்குவது, 40000 மானியங்களும் நிலையான கொடுப்பனவுகளும். வளர்ச்சிச் செலவு இவற்றுக்கு வெளியே தனியாக நிற்கும். உடைந்த கால்வாய்ச் சுவரைப் பூசுவது, மண்ணை அள்ளுவது, குழியை மூடுவது ஆகியவை பராமரிப்பு. அவை 20000 என்ற தலைப்புக்குள் வரும். பழைய கால்வாயை அகலப்படுத்திப் புதிதாகக் கட்டுவது வளர்ச்சித் திட்டம். அதற்கு வடிவமைப்பும் மதிப்பீடும் ஒப்புதலும் வேண்டும், வரிசையும் நீளம். "எங்களுக்குப் புதிய லோங்காங் கட்டித் தாருங்கள்" என்று நீங்கள் எழுதிய மறுகணமே உங்கள் கடிதம் அந்த நீண்ட வரிசைக்குப் போய்விடுகிறது. "இந்த இடத்தில் இத்தனை மீட்டருக்குச் சுவர் இடிந்திருக்கிறது, சரிசெய்யுங்கள்" என்ற கடிதம் இவ்வாண்டின் பராமரிப்புப் பணத்தைத் தொட முடியும். உண்மையிலேயே புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால் இரண்டு கடிதங்களாகக் கொடுங்கள்: இவ்வாண்டில் மண் அள்ளவும் உடைப்பைச் சரிசெய்யவும் ஒன்று, அடுத்த ஆண்டின் வளர்ச்சிச் செலவில் தரம் உயர்த்த மற்றொன்று. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

எங்கள் லோங்காங்கை நாங்களே அளந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி அளவு நாடாவின் ஒரு நுனியை மிதித்துக்கொண்டு நிற்க, பள்ளி விடுமுறையில் இருந்த இரண்டு பையன்கள் மறுநுனியோடு நடந்தார்கள். பத்து மீட்டருக்கு ஓர் இடத்தில் அகலமும் ஆழமும், அடியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்பதும் குறிக்கப்பட்டன. மண்ணின் உயரத்தை அளக்க அந்தப் பாட்டி கொடிக்கம்பாக வைத்திருந்த மூங்கிலைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய மழையின்போதே, தண்ணீர் ஏறிய உயரத்தை ஒவ்வொரு வீட்டுப் பின்சுவரிலும் சுண்ணாம்பால் கோடு கிழித்து, தேதி எழுதி, படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கோடுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே புரிந்தது: கால்வாய் முழுவதும் சிறியதாக இல்லை, வளைவில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய் உள்ளே இடிந்திருந்தது, தண்ணீர் அதற்கு மேற்புறம் மட்டும்தான் ஏறியிருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கால்வாய் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது ஒரு குழாயை மாற்றுவது. அந்த ஆண்டே மாற்றினார்கள்.

கடிதத்தை மலாய் மொழியில் எழுதுங்கள். சங்கக் கூட்டத்தின் குறிப்பைத் தமிழிலும் வையுங்கள், ஏனென்றால் மூங்கிலோடு வந்த பாட்டி தான் எதற்குச் சம்மதித்தோம் என்பதைப் படிக்கவோ படிக்கக் கேட்கவோ முடிய வேண்டும். கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வரைபடம், அளவுகளின் பட்டியல், நான்கு படங்கள், பாதிக்கப்பட்ட வீடுகளின் எண்கள் போதும். மன்றத் தலைவருக்கு எழுதி, பொறியியல் பிரிவுக்கும் உங்கள் பகுதிக் கவுன்சிலருக்கும் நகல் அனுப்புங்கள். உங்கள் கையில் தங்கும் நகலில் 'தெரிமா', அதாவது பெறப்பட்டது, என்ற முத்திரையையும் தேதியையும் பெற்றுக்கொள்ளாமல் முகப்பிடத்தை விட்டு நகராதீர்கள். அந்த முத்திரை இல்லாத கடிதம் பின்னாளில் கேட்கும்போது இருந்ததாகவே ஆகாது.

இனி, நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் பெரிய தடை இதில்தான் இருக்கிறது. தோட்டத்தில் எதற்கும் ஆபீஸ் வாசலில் நின்று, கிராணியிடம் சொல்லி, துரையின் மனம் இரங்கக் காத்திருந்த தலைமுறைகள் நாம். மன்றத்துக்குப் போகும்போதும் அதே கூனலோடு போகிறோம். ஆனால் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், வீட்டுக்காக நீங்கள் கட்டும் மதிப்பீட்டு வரி அந்த மன்றத்தின் முதன்மையான சொந்த வருமானங்களில் ஒன்று. உரிமக் கட்டணம், வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், அபராதம், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் ஆண்டு மானியம் ஆகியவை மற்றவை. பெரிய நகரங்களில் வணிகக் கட்டடங்களும் தொழிற்சாலைகளும் கொட்டிக் கொடுக்கின்றன. செம்பனையும் இரண்டு வரிசைக் கடைகளும் மட்டும் உள்ள மாவட்டத்தில் மன்றத்தின் பை உண்மையிலேயே மெலிந்தது என்பதையும் நாம் மனத்தில் வைக்க வேண்டும். மெலிந்த பையில் யாருக்கு எவ்வளவு என்பதை நாம் பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் அவசியமாகிறது.

சட்டம் 171-இன் 23ஆம் பிரிவு, மன்றம் வேறாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. 27ஆம் பிரிவின்படி, மன்றக் கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துவோர் பார்வையிடலாம். கட்டணம் கட்டி நகலும் பெறலாம். சிலாங்கூரிலும் பினாங்கிலும் இதற்கு மேல் தகவல் சுதந்திரச் சட்டங்களும் இருக்கின்றன. அவை மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றியவை. மதிப்பீட்டுப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு உங்கள் வரி உயர்ந்தால், திருத்தத்துக்குக் குறித்த தேதிக்குப் பதினான்கு நாள்களுக்குக் குறையாமல் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபிக்க 142ஆம் பிரிவு இடம் தருகிறது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைக் கவனியுங்கள். நம் தாமான்களில் எத்தனையோ வரி பில்கள் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கின்றன. அம்மா இருபது ஆண்டுகளாகக் கட்டுகிறார், பெயர் அவருடையதாக இல்லை. குறிப்பைப் பார்க்கக் கேட்கும்போதும் ஆட்சேபம் தெரிவிக்கும்போதும் "நீங்கள் யார்?" என்ற கேள்வி வருவது இதனால்தான். சங்கம் ஒரு சனிக்கிழமை பந்தலில் மேசை போட்டு, பில்லைக் கொண்டுவரச் சொல்லி, எந்தெந்த வீட்டில் சொத்துரிமை மாற்றமும் அதன் பிறகு மன்றத்தில் பெயர் மாற்றமும் செய்ய வேண்டும் என்று பட்டியல் எடுத்தால், அது எந்தக் கலைநிகழ்ச்சியையும் விட நன்மை செய்யும்.

கவுன்சிலர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்நாட்டில் போருக்குப் பின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி நிர்வாகத்தை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவரது ஆணையம் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. 1973ஆம் ஆண்டுத் தற்காலிகச் சட்டத்தாலும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் சிறு பட்டணங்களின் வாரியங்களும் உள்ளூர் மன்றங்களும் பெரிய மன்றங்களோடு இணைக்கப்பட்டன. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012-இல் இயற்றிய சட்டமும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இன்று எட்டிலிருந்து இருபத்து நான்கு வரையிலான கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. சுங்கை சிப்புட் பட்டணத்தின் கணக்கு கோல கங்சாரில் எழுதப்படுகிறது, பீடோரின் கணக்கு தாப்பாவில் எழுதப்படுகிறது. தோட்டத்து ஊர்க்காரர்களாகிய நாம் வாக்கை மட்டும் இழக்கவில்லை, மன்றம் நம் கண்ணெதிரே இருந்த நிலையையும் இழந்தோம் என்பது என் கருத்து. ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரை என்றாவது நிறைவேற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதுவரை, நியமிக்கப்பட்ட கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் போல நடத்துங்கள். ஆண்டுக்கு இருமுறை சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர் சொன்னதைக் குறிப்பில் ஏற்றுங்கள், அந்தக் குறிப்பை அவருக்கே அனுப்புங்கள்.

சங்கத்தின் நிலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யுங்கள்; ஆண்டுக் கூட்டம் முடிந்த அறுபது நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பத் தவறாதீர்கள். தவறினால் பதிவு ரத்தாகலாம், பிறகு மன்றம் உங்களைக் கூட்டத்துக்கே அழைக்காது. அண்டைவீட்டார் அமைப்பான ருக்குன் தெத்தாங்கா இதிலிருந்து வேறு. 1975-இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு 2012ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அது ஒற்றுமைத் துறையின் கீழ் இயங்குகிறது. இரண்டும் இருப்பது நல்லது. ஆனால் மன்றத்திடம் கணக்குக் கேட்கும் வேலையை, யாரிடமும் மானியம் வாங்காத குடியிருப்பாளர் சங்கமே செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் எந்தக் கட்சியின் கிளையிலும் பொறுப்பில் இல்லாதிருப்பது நலம். ஆட்சி மாறும்போது சங்கத்தின் கோப்பும் சேர்ந்து மாறிப்போவதை நான் இருமுறை பார்த்துவிட்டேன். கோயில் நிர்வாகமே தாமான் சங்கமாகவும் இருப்பதை நான் விரும்புவதில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அதே லோங்காங் தண்ணீரில்தான் நிற்கிறார்கள், அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

எதைக் கேட்பது என்பதைச் சங்கச் செயலவை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பினாங்கில் 2012-இல் இரு ஊராட்சி மன்றங்களிலும் மாநிலப் பெண்கள் மேம்பாட்டுக் கழகத்தின் துணையோடு தொடங்கிய பங்கேற்பு வரவு செலவு முன்னோடித் திட்டத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு மக்களின் கையிலேயே போலிப் பணத் தாள்களைக் கொடுத்து, எந்தத் தேவைக்கு எவ்வளவு என்று போடச் சொன்னார்கள். ஆண், பெண், முதியோர், இளையோர் என்று பிரித்தும் பார்த்தார்கள். இதையே எங்கள் தாமானில் பிஸ்கட் டின்களை வைத்துச் செய்து பார்த்தோம். ஆண்கள் பந்து விளையாடும் திடலின் விளக்கில் போட்டார்கள். பெண்கள், விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முச்சந்தியின் விளக்கில் போட்டார்கள். அதுவரை எங்கள் கடிதங்களில் அந்த முச்சந்தி ஒருமுறைகூட வந்ததில்லை. பெட்டாலிங் ஜெயா போன்ற பெரிய மன்றங்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் குடியிருப்பாளர்களோடு கலந்துரையாடல் நடத்துகின்றன. அது பட்டணத்துக்காரர்களுக்குத்தான் என்று எண்ண வேண்டாம். ஊராட்சி நிலையில் மக்கள் பங்கேற்பைக் கோரும் உள்ளூர் அஜெண்டா 21 திட்டம் 2000-இல் முதலில் சோதிக்கப்பட்ட நான்கு இடங்களில் பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மிரி ஆகியவற்றோடு பேராக்கின் கிரியான் மாவட்டமும் ஒன்று. அத்தகைய கலந்துரையாடல் உங்கள் மன்றத்தில் இல்லையென்றால், வேண்டும் என்று மார்ச் மாதத்திலேயே எழுதுங்கள். பக்கத்துத் தாமான்களின் சங்கங்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீட்டில் ஒரு குழியை மூடிக்கொள்வது தவறில்லை. அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொண்டால் உங்கள் சாலை மன்றத்தின் கணக்கில் ஒருநாளும் ஏறாது. இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: கோபத்தில் மதிப்பீட்டு வரியைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தாமானில் சிலர் அப்படிச் செய்தார்கள். அபராதம் ஏறியது, வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றும் ஆணை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் நாங்கள் பேச எழுந்தபோது அந்த நிலுவைப் பட்டியலைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். வரியைக் கட்டி, ரசீதை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பிறகு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். ஜனவரியில் மன்றத்துக்கு எழுதி, உங்கள் தாமானின் பணி எந்தத் தலைப்பில், எந்தக் காலாண்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஜூலையில் மீண்டும் கேளுங்கள். ஆண்டு நடுவில் ஒதுக்கீடு வேறு தலைப்புக்கு மாற்றப்படலாம், கேட்பவர்கள் இல்லாத பணிதான் முதலில் நகர்த்தப்படும். குத்தகையாளர் வேலையை முடித்துவிட்டார் என்றால், அளவு நாடாவோடு போய் உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் சாலைக்குத் தார் போட்டபோது கடைசிப் பதினைந்து மீட்டர் விடுபட்டிருந்தது. பழைய அளவுப் பட்டியல் இருந்ததால்தான் அவர்களைத் திரும்ப வரவழைக்க முடிந்தது.

இப்போதைக்கு உங்களுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன: மாரிஸ் பதிவு பற்றிய ஒருவரிக் கடிதம், நில அலுவலகத்தில் தேடல், அடுத்த கனமழைக்குச் சுவரில் சுண்ணாம்புக் கோடு. மன்றத்தின் அடுத்த முழுக் கூட்டம் எந்த நாளில் என்பதையும் மன்றச் செயலாளரின் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, பார்வையாளர்களாக இரண்டு மூன்று பேர் வருகிறோம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அடையாள அட்டையையும் இவ்வாண்டு வரி ரசீதையும் கொண்டுபோங்கள். அரைக்கால் சட்டை, சிலிப்பரோடு யாரும் வர வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அளவு நாடாவைப் பிடித்த பையன்களின் வயதில் உங்கள் தாமானில் யாராவது இருந்தால் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.